அங்குசாமி கத்தரி

கத்தரிக்காய்க்குத் தப்பான ஆளின் பெயரை வைத்தார்கள். தும்பலூரில் நடந்த தப்பு அதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது, காய் வாய் திறந்து பேசியது உட்பட.

முதலில் காயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு காய்க்கா இத்தனை கூத்து என்பீர்கள். இளம்பச்சை நிறம், தோளில் மட்டும் ஊதாக் கோடு, காம்பில் முள் கிடையாது, அரிந்து வைத்தால் கறுக்காது, முற்றினாலும் கசக்காது, நாக்கை அரிக்காது, புளிக்குழம்பில் கொதிக்கும்போது கரையாமல் நின்று வாயில் போட்டதும் கரையும். இப்படி ஒரு காய் வானத்திலிருந்து விழாது. அதை ஒருத்தி உண்டாக்கினாள். வாய்க்கால் மேட்டில் குடியிருக்கும் வீராயி. சடையன் பெண்டாட்டி. கோபக்காரி.

அந்தக் காலத்தில் பெரியவீட்டு அங்குசாமியின் கத்தரித் தோட்டத்தில் அவளுக்குக் கலவன் பிடுங்குகிற வேலை. பாத்தியில் எல்லாச் செடியும் ஒரே மாதிரி நிற்கும்போது நடுவில் ஒன்று வேறு மாதிரி நின்றால் அது கலவன். பூ விடும் முன்னே பிடுங்கிவிட வேண்டும், விட்டால் தேனீ புகுந்து அடுத்த வருஷத்து விதையையெல்லாம் கெடுத்துவிடும். அங்குசாமி வரப்பில் நின்றபடி கைத்தடியால் ஒரு செடியைக் காட்டினார். "இது என்ன மூஞ்சி? பிடுங்கி வீசு." வீராயி பிடுங்கினாள். வீசவில்லை. வேரோடு மண்ணோடு முந்தானையில் கட்டிக்கொண்டு போய் வாய்க்கால் மேட்டில் ஊன்றினாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அந்த ஆள் சொன்ன தோரணை பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் செடியில் ஒரு காயைப் பறிக்காமல் விட்டு, அது மஞ்சளாகப் பழுத்த பின் தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கிய விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, மறு வருஷம் தெளித்தாள். வந்த நாற்றில் ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு, ஒன்றில் தண்டெல்லாம் முள், ஒன்று காயே வைக்காத மலடு, தாயைப் போல வந்தது ஒன்றோ இரண்டோ. மற்றதையெல்லாம் பிடுங்கினாள். மறு வருஷமும் பிடுங்கினாள், அதற்கு மறு வருஷமும் பிடுங்கினாள். மகள் வயதுக்கு வந்த வருஷமும் பிடுங்கினாள், மகளைக் கட்டிக்கொடுத்த வருஷமும் பிடுங்கினாள், வாய்க்காலில் வெள்ளம் வந்து பாதி மேடு கரைந்த வருஷம் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடுங்கினாள், மழையே இல்லாத வருஷம் குடிக்கிற தண்ணீரில் பாதியை ஊற்றிவிட்டு வைதுகொண்டே பிடுங்கினாள். கடைசியில் ஒரு தை மாதம் பாத்தி முழுக்க ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி நின்றன. கேட்டவர்களுக்கெல்லாம் விதையைக் கைப்பிடியாக அள்ளிக் கொடுத்தாள். ஊர் அதை வீராயி விதை என்றது. கீழத்தெரு நட்டது, பிறகு மேலத்தெரு நட்டது, பிறகு பெரியவீடும் நட்டது, மண்டியில் வியாபாரிகள் மூட்டை இறங்கும் முன்பே கையை நீட்டினார்கள்.

அங்குசாமி செத்துப்போனார். மகன் ரத்தினசபாபதி தலையெடுத்தார். இந்தக் காயை ஊரின் பெயரால் அரசாங்கத்தில் பதியலாம், பதிந்தால் கப்பலில்கூடப் போகும் என்று யாரோ அவர் காதில் போட்டார்கள். அவர் தன் அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். பேருந்து நிறுத்தத்தில் பலகையும் வைத்தாயிற்று. 'அங்குசாமி கத்தரியின் பிறப்பிடம் உங்களை வரவேற்கிறது.' பலகையில் அங்குசாமி கையில் ஒரு காயை ஏந்திச் சிரித்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தபோது அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

வீராயி நேராகப் பெரியவீட்டுக்குப் போனாள்.

"ஐயா, அது நான் உண்டாக்கின விதை."

"யாரு இல்லைன்னா?" என்றார் ரத்தினசபாபதி. "எங்க நட்டே?"

"வாய்க்கா மேட்டுல."

"வாய்க்கா யாருது?"

"கவர்மெண்டுது."

"அப்ப கவர்மெண்டு வைக்கிறதுதானே பேரு?"

"உங்கப்பா அதைப் பிடுங்கி வீசச் சொன்னாரு ஐயா. அவரு பேரையா வைக்கிறது?"

"சொன்னாருல்ல? அப்ப முதல்ல பார்த்தது அவருதானே."

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். என்ன மனிதர்கள். வீராயி திண்டாடிப் போனாள். பதில் இல்லாமல் இல்லை. இருந்த பதிலை அந்த வாசலில் சொன்னால் மறுநாள் வேலை கிடையாது. வீட்டுக்கு வந்து சட்டியைப் போட்டு உடைத்தாள்.

"விடு புள்ள," என்றான் சடையன். "பேருல என்ன இருக்கு? குழம்புல போட்டா எல்லாம் ஒண்ணுதான்."

"அப்ப உன்னை இனிமே அங்குசாமின்னு கூப்பிடவா?"

அவன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

பலகை வைத்த அந்த வாரமே காய் பேச ஆரம்பித்தது. டீக்கடை பிச்சையின் வீட்டில் அவன் மனைவி அரிவாள்மனையில் ஒரு காயை வைத்து இரண்டாகப் பிளந்தாள். பிளந்த கணத்தில் காய், "வீராயி" என்றது. கத்தலும் இல்லை, முனகலும் இல்லை. காட்டின் இந்தக் கோடியில் நிற்பவர் அந்தக் கோடியில் குனிந்து வேலை செய்கிறவரைக் கூப்பிடுவது மாதிரி ஒரு குரல்.

"என்னங்க, காய் பேசுதுங்க."

"பேசட்டும். உப்பைப் பார்த்துப் போடு, நேத்துக் கடல் தண்ணி மாதிரி இருந்துச்சு."

ஊர் அதை இப்படித்தான் எடுத்துக்கொண்டது. காய் பேசுவது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான், கொசு மாதிரி, மின்வெட்டு மாதிரி. குழந்தை தூங்குகிற வீட்டில் தண்ணீருக்குள் அமுக்கி அரிந்தார்கள், அப்போது குமிழி மட்டும் வந்தது. கல்யாண வீட்டில் காய் நறுக்குகிற நேரம் பார்த்து மேளக்காரரை வாசிக்கச் சொன்னார்கள், முகூர்த்தத்துக்கு முன்பே கெட்டிமேளம் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் பதறி ஓடிவந்தார்கள். சத்துணவுக் கூடத்தில் ஆயா அரிய ஆரம்பித்தால் பிள்ளைகள் கூடச் சேர்ந்து கூவினார்கள், வாத்தியார் அதை வருகைப்பதிவு என்று நினைத்து "ஆப்சென்ட்" என்றார். சந்தையூரில் ஒரு கணக்குப்பிள்ளையின் மனைவி காய் சொன்னதைக் கேட்டு, "யாருய்யா அந்த வீராயி, சமையக்கட்டு வரைக்கும் வந்து கூப்பிடுறா?" என்று புருஷனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள், அந்த மனிதர் வீராயி என்று ஒரு பெண்ணை ஜென்மத்தில் பார்த்ததில்லை. மண்டியில் விலை இறங்கவில்லை, ஏறியது. பேசாத காய் பழைய காய் என்று வாங்குகிறவர்கள் ஒரு காயைப் பிளந்து கேட்டுவிட்டுத்தான் மூட்டையைத் தூக்கினார்கள்.

வீராயிக்கு மட்டும் அது வேறு விதமாகக் கேட்டது. தெருவில் நடந்தால் இந்த வீட்டுக்குள்ளிருந்து வீராயி, அந்த வீட்டுக்குள்ளிருந்து வீராயி, பெரியவீட்டுக் கொல்லையிலிருந்துகூட வீராயி, வீராயி, வீராயி. அவள் நிமிர்ந்து நடந்தாள். இனி என்னைக் கேட்காமல் எங்கே போவார்கள் என்று காலையில் தலைவாரி, நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். ஒரு நாள் ஊரே கிளம்பி வருவது தெரிந்தது. எழுந்து நின்றாள். ஊர் அவளைத் தாண்டிப் பெரியவீட்டுக்குப் போனது.

அங்கே கூட்டம். பூசாரி கருப்பையா கண்ணை மூடித் திறந்தார். "ஆத்தா கூப்பிடுறா. வீராயி அம்மன். இந்த மண்ணுக்குள்ள கிடந்து, கத்தரிக்காய் வழியாப் பேசுறா. கோயில் கட்டச் சொல்லுறா."

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தும்பலூரில் வீராயி அம்மன் என்று ஒரு சாமியே கிடையாது, அதுவரை ஒரு செங்கல்லைக்கூட அந்தப் பெயரில் யாரும் நட்டதில்லை. அதனால் என்ன? கூலிக்காரி ஒருத்தியின் பெயரைக் காய் சொல்கிறது என்று ஒப்புக்கொள்வதைவிடப் புதிதாக ஒரு தெய்வத்தை உண்டாக்குவது அந்த ஊருக்குச் சுலபமாக இருந்தது. ரத்தினசபாபதி நிலம் கொடுத்தார். அப்பா பெயரும் நிற்கும், அம்மனும் நிற்பாள், யாருக்கு நஷ்டம்?

வீராயி கூட்டத்துக்குள் புகுந்தாள். "யோவ் பூசாரி, அது நான்யா. என்னையத்தான்யா கூப்பிடுது."

"ஏட்டி, வாயைக் கழுவு. சாமி பேரை உனக்கு வச்சதே உங்கப்பன் பண்ணின தப்பு."

அதோடு விட்டார்களா? இல்லை. ஆத்தா பெயரைச் சொல்லி ஒருத்தியை 'ஏ வீராயி, சாணி அள்ளு' என்று வேலை ஏவினால் ஊருக்கு ஆகாது என்று ஒரு கிழம் கிளப்பியது. நியாயம்தானே என்றது கூட்டம். அன்றிலிருந்து அவளை யாரும் வீராயி என்று கூப்பிடக் கூடாது, சடையன் பெண்டாட்டி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று தீர்மானம். கத்தரிக்கு அவள் பெயர் இல்லை என்றார்கள், சரி. இப்போது அவளுக்கே அவள் பெயர் இல்லை. ஒரு மனுஷியிடம் இதற்கு மேல் பிடுங்குவதற்கு என்ன இருக்கிறது?

நடவு வேலையில் சடையன் பெண்டாட்டி, களை வேலையில் சடையன் பெண்டாட்டி, ரேஷன் கடையில் சடையன் பெண்டாட்டி. முதலில் அவள் திரும்பவில்லை. திரும்பாவிட்டால் கூலி இல்லை, அரிசி இல்லை, ஆகவே பிறகு திரும்பினாள். அப்படித் திரும்பிய அன்றைக்கு வாய்க்கால் மேட்டில் நின்று தன் செடிகளைப் பார்த்து, "இன்னும் எதுக்குடி கூப்பிடுறீங்க?" என்று வைதாள். சடையனும் பயந்தான். "இந்தா" என்றுதான் கூப்பிட்டான்.

"நீயுமா?" என்றாள்.

"சாமி குத்தம் ஆயிருச்சுன்னா?"

"உன் மூஞ்சி."

ஊரில் வேறு வேலை இல்லை, எல்லாக் கையும் கோயில் கட்டப் போயிருந்தது. அவளும் போனாள். தன் பெயரில் எழும்புகிற கோயிலுக்குத் தன் தலையில் செங்கல் சுமந்தாள். பூச்சு முடிந்ததும் உள்ளே வரக் கூடாது, வாசலோடு போட்டுவிட்டுப் போ என்றார்கள். போட்டுவிட்டுப் போனாள்.

வேலைக்காரர்களுக்கு மோர் கொண்டுவருவது பெரியவீட்டு மருமகள். ரத்தினசபாபதியின் மகனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள்தான் அந்த வீட்டில் காய் அரிகிறவள். மாமியார் அவளை "இவளே" என்பாள், புருஷன் "ஏய்" என்பான், வேலைக்காரர்கள் "சின்னம்மா" என்பார்கள். தினமும் சமையலறையில் தனியாக உட்கார்ந்து வேறொருத்தியின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். ஒரு நாள் மோர்ச் செம்பை நீட்டிக்கொண்டு, சுற்றிப் பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டாள்.

"அக்கா, நெசமாவே உங்களைத்தான் கூப்பிடுதா?"

அக்கா என்று அந்த வீட்டிலிருந்து ஒருவரும் அவளைக் கூப்பிட்டதில்லை. ஆனால் வீராயி அன்றைக்குக் கொதித்துப் போயிருந்தாள்.

"என்னையக் கேட்டா? நான் யாரு, சடையன் பொண்டாட்டி. போயிக் கத்தரிக்காயைக் கேளுங்க, சின்னம்மா."

சொல்லிவிட்டு மோரைக் குடிக்காமலே அடுத்த செங்கலைத் தூக்கினாள். எரிச்சலில் சொன்னது. எரிச்சலில் யார்தான் என்ன சொல்லவில்லை? அந்தப் பெண் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். கேட்கலாம் என்று அதுவரை அவளுக்கும் தோன்றவில்லை, ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூப்பிட்டால் கும்பிடத் தெரியும், காதைப் பொத்தத் தெரியும், விலையை ஏற்றத் தெரியும். பதில் பேசத் தெரியாது.

கும்பாபிஷேகம் வந்தது. அன்றைக்கே அரசாங்கத்து அதிகாரியையும் வரவழைத்து, கோயில் வாசலில் மேடை போட்டு, பெயரை முடிவாக எழுதி வாங்கிவிட ரத்தினசபாபதி ஏற்பாடு செய்திருந்தார். முத்திரை விழுந்தால் விழுந்ததுதான், பிறகு அதை மாற்ற எவனாலும் ஆகாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வீராயி காதில் விழும்படி கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

அன்னதானத்துக்குக் கத்தரிக்காய் மலையாகக் குவிந்து கிடந்தது. பந்தலின் ஒரு பக்கம் பெண்கள் வரிசையாக அரிவாள்மனை போட்டு உட்கார்ந்து அரிந்தார்கள். அரிய அரிய வீராயி, வீராயி என்று அந்தக் குவியலிலிருந்து கிளம்பிய குரல் பந்தலை நிறைத்து, கோபுரத்தைச் சுற்றி, குளத்தைத் தாண்டிப் போனது. கேட்ட கூட்டம் "ஆத்தா, தாயே" என்று கையைத் தலைக்கு மேல் தூக்கியது. பூசாரி ஆடினார். மூங்கில் தட்டிக்கு வெளியே, செங்கல் சுமந்தவர்களோடு, வெயிலில், வீராயி நின்றுகொண்டிருந்தாள். பந்தி முடிந்ததும் அவர்களுக்கும் இலை போடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அதிகாரி ஒலிபெருக்கி முன் வந்து தொண்டையைச் செருமினார். "தும்பலூரின் இந்தப் புகழ்பெற்ற கத்தரி இன்று முதல்..."

அரிந்துகொண்டிருந்த வரிசையிலிருந்து பெரியவீட்டு மருமகள் எழுந்தாள். ஒரு கையில் காய், ஒரு கையில் காம்பு நறுக்குகிற கத்தி. பட்டுச்சேலை தடுக்க மேடையேறினாள். அதிகாரி ஏதோ சடங்கு என்று நினைத்து மரியாதையாக நகர்ந்து நின்றார். அவள் காயை ஒலிபெருக்கிக்கு நேராகப் பிடித்துப் பிளந்தாள்.

"வீராயி," என்றது காய்.

"தாயே!" என்றது கூட்டம்.

"எந்த வீராயி?" என்றாள் அவள்.

ரத்தினசபாபதி முன்வரிசையில் இருந்து எழுந்தார். "ஏய்! கீழ இறங்கு. வீட்டுக்குப் போ." மாமியார் தலையில் கை வைத்தாள். புருஷன் என்னடா இது என்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இறங்கவில்லை.

"உன்னையத்தான் கேக்குறேன்," என்றாள் காயிடம். "அம்மனா, ஆளா? எந்த வீராயி?"

அத்தனை நாளாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்த காய் ஒரு கணம் சும்மா இருந்தது. தன்னிடம் ஒருவர் திருப்பிக் கேட்பார் என்று அதுவும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. பிறகு சொன்னது.

"தட்டிக்கு வெளியில நிக்கிறாளே, அவ."

மேடையில் இருந்த காய் மட்டும் சொல்லவில்லை. பெண்களின் கையில் பாதி அரிபட்டிருந்த காய் சொன்னது, தாம்பாளத்தில் கிடந்த துண்டு சொன்னது, எண்ணெயில் வதங்கிக்கொண்டிருந்தது சொன்னது, சாம்பாரில் கொதித்தது கொதித்தபடியே சொன்னது, முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்ட பசிக்காரன் ஒருவனின் வாய்க்குள்ளிருந்து சொன்னது, லாரியில் மூட்டையாகப் போய்க்கொண்டிருந்தது சொன்னது, சந்தையூரில் கணக்குப்பிள்ளையின் மனைவி அப்போதுதான் பிளந்த காய் சொன்னது, அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள். செங்கல் தூக்கினவ. வாய்க்கா மேட்டுக்காரி. இடுப்பளவு தண்ணியில நின்னவ. நீங்க பேரை மாத்திக் கூப்பிடுறீங்களே, அவ. எந்த வீராயியா? ஊருக்கு எத்தனை வீராயி இருக்கா?

கூட்டம் திரும்பியது. தலைக்கு மேல் கூப்பியிருந்த கைகளை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் தலையைச் சொறிந்தார்கள். பூசாரி ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேட்டியைச் சரிசெய்தார்.

"யாருங்க அது?" என்றார் அதிகாரி.

வீராயி தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். வெயிலுக்காகத் தலையில் வைத்திருந்த சும்மாடு அப்படியே இருந்தது, கழற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. கூட்டம் வழி விட்டது. விடாத ஒன்றிரண்டு பேரை முழங்கையால் இடித்துக்கொண்டு வந்தாள்.

"நான்தான். எழுதிக்கங்க. வீராயி கத்தரி."

ரத்தினசபாபதி, "சார், இது வந்து, எங்கப்பா..." என்று ஆரம்பித்தார். குழம்புச் சட்டிக்குள்ளிருந்து ஏதோ ஒன்று 'ச்சீ' என்றது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "வீராயி... எப்படி எழுதறது?"

"நெடில் போட்டு எழுதுங்க," என்றாள் வீராயி. "இதுவரைக்கும் குறுக்கினது போதும்."

எழுதினார். முத்திரை விழுந்தது. விழுந்தால் விழுந்ததுதான், ரத்தினசபாபதியே சொன்னதுதான். அதன் பிறகு அந்தக் காய் பேசவில்லை. பேச்சு நின்றதும் விலை கொஞ்சம் இறங்கியது, வியாபாரிகள் வருத்தப்பட்டார்கள். பலகையில் அங்குசாமியின் பெயரை அழித்தார்கள். படத்தை அழிக்கப் பெயிண்ட் போதவில்லை என்று சிரிக்கிற மாதிரியே விட்டுவிட்டார்கள். கோயிலும் நிற்கிறது. உள்ளே ஒரு அம்மன் இருக்கிறாள், பாவம், அவள் என்ன செய்வாள்? கருப்பையா பூசை செய்கிறார், வீராயியைத் தெருவில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். சடையன் பழையபடி "ஏ வீராயி" என்று கூப்பிட்டதற்கு அவள் ஒரு நாள் முழுக்கத் திரும்பவில்லை.

ஊர் இப்போது கதையை எப்படிச் சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள். காய் பேசியது, வீராயி ஜெயித்தாள் என்பார்கள். அதிகாரி நியாயஸ்தர் என்பார்கள். நாங்கள் அப்போதே சொன்னோம் என்று சொல்கிறவர்களும் உண்டு. இவர்கள் வாயை எதைக் கொண்டு அடைப்பது? காய் மாசக்கணக்கில் கூப்பிட்டு என்ன ஆயிற்று? கோயில் ஆயிற்று. வீராயி கத்திக் கத்தி என்ன ஆயிற்று? இருந்த பெயரும் போயிற்று.

கும்பாபிஷேகத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வீராயி ஒரு கூடைக் காயைத் தூக்கிக்கொண்டு பெரியவீட்டுக்குப் போனாள். கொல்லைப்புறம் போகவில்லை. முன்வாசலில் நின்றாள். மாமியார் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"யாரு வேணும்?"

"உங்க மருமக."

"அவளை நாளைக்கு அவ அப்பன் வீட்டுக்கு அனுப்பப்போறோம். மேடையேறி மானத்தை வாங்கினவளுக்கு இங்க இடமில்லை. கூடையை வச்சிட்டுப் போ."

"வைக்கிறேன். கூப்பிட்டுக் கையில கொடுத்துட்டு வைக்கிறேன். பேரு என்ன?"

"யாரு பேரு?"

"உங்க மருமக பேரு. வாசல்ல நின்னு ஏய்னு கூப்பிட நான் என்ன அவ புருஷனா?"

மாமியார் வாயைத் திறந்தாள். மூடினாள். கல்யாணப் பத்திரிகையில் அடித்திருந்த பெயர், பிறகு வாயில் வராத பெயர், அவசரத்துக்குக் கிடைக்கவில்லை. திரும்பி வீட்டுக்குள்ளே பார்த்தாள், அங்கே யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. வீராயி காத்திருந்தாள். கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, தெருவே கேட்கும்படி தொண்டையைச் செருமினாள்.

மாமியாரின் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் வெளியே வந்தாள். படி இறங்கி, கூடையின் மறு பக்கத்தைத் தானும் பிடித்துக்கொண்டு, முழுதாக, ஒரு எழுத்தும் விழுங்காமல் தானே சொன்னாள்.

"மங்கையர்க்கரசி."